சோதனை நாள் நெருப்பு

எங்கள் மாமாவுக்கு ஆலையில் வைத்த பெயர் சமையல்காரர். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சூடு பண்ணத் தெரியாத மனுஷனுக்கு அப்படி ஒரு பெயர். அவர் என் அக்காவின் புருஷன். நகரத்துக் குப்பையை எல்லாம் கொண்டுவந்து எரிக்கிற ஆலையில் கிரேன் ஓட்டினார். லாரிகள் குப்பையைக் கொட்டுகிற கிடங்கு ஒன்று அங்கே உண்டு, கிணறு மாதிரி ஆழமாக இருக்கும். அதற்கு மேலே உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள். கைப்பிடியை அசைத்தால் கீழே ஒரு இரும்புக் கை விரலை விரித்துக்கொண்டு இறங்கி, ஒரு கட்டில் அளவுக்குக் குப்பையை வாரிக்கொண்டு மேலே வரும். அதைக் கொண்டுபோய் உலையின் வாயில் போட வேண்டும். இவ்வளவுதானே வேலை என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமா அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

வாரிப் போடுவது யாருக்கும் வருமாம். கலப்பதுதான் வேலையாம். ஈரக் குப்பை ஒரு மூலையில் கிடக்கும், காய்ந்தது ஒரு மூலையில் கிடக்கும். பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, சந்தைக் கழிவு, உடைந்த நாற்காலி எல்லாம் அதது இஷ்டத்துக்கு வந்து விழும். மாமா அதை வாரி, உயரத் தூக்கி, உதிர்த்து, மறுபடி வாரி, மறுபடி உதிர்த்துக்கொண்டே இருப்பார். "ஒரே மாதிரி உள்ளே போனாத்தான் ஒரே மாதிரி எரியும் மச்சான். திடீர்னு ஈரம் போச்சுன்னா நெருப்பு திணறிப் போயிடும். திணறிச்சுன்னா புகை கறுத்துடும். அப்புறம் புகையைக் கழுவுற மிஷினும் கையை விரிச்சிடும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணப் போட்டோவில்கூட அவ்வளவு களை இல்லை.

அந்தப் பழக்கம் சாப்பாட்டுத் தட்டுக்கும் வந்துவிட்டது. அக்கா வகைவகையாக வைத்ததை எல்லாம் முதலில் ஒன்றாகப் பிசைந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். "நான் எதுக்குத் தனித்தனியா ஆக்கிக் கொட்டணும்? எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு உங்க கிரேனுக்கு அனுப்பிடறேன்" என்று அக்கா திட்டுவாள். அவர் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே நின்று, "சமையல்காரரே, இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பாள். அவரும் சளைக்காமல், "மெத்தைப் பொரியல், அட்டைப்பெட்டிக் குழம்பு" என்பார். பிள்ளை இல்லாத வீடு. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இருந்ததில்லை.

கிரேன்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறவர் அடுத்தவரிடம், "நெருப்பு நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்தவர் உட்காருவார். நெருப்பு நன்றாக இல்லை என்றால் ஷிஃப்ட் முடிந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, சரி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆலை போட்ட சட்டம் இல்லை இது, இவர்களாகவே வைத்துக்கொண்டது. கெட்ட நெருப்பு உலையின் தொண்டையை அடைத்துவிடும். அப்போது கீழே நிற்கிறவர்கள்தான் கதவைத் திறந்து கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். அப்படி ஒருமுறை குத்தப்போய் முகத்தில் பாதி வெந்துபோன ஒருவர் இப்போதும் ஆலை கேன்டீனில் தட்டுக் கழுவுகிறார். அவருக்கு அன்று கெட்ட நெருப்பைக் கொடுத்துவிட்டுப் போனது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் தெருவின் ஒரு முனையில் இந்த ஆலை. மறு முனையில் சாயப் பவுடர் தயாரித்த பழைய தொழிற்சாலை. நடுவில் நாங்கள். நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன், அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அந்தச் சாயத் தொழிற்சாலையில்தான் பவுடரைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சிவப்பு. கல்யாணப் போட்டோவில் அவள் விரல்களைப் பார்த்தால் அது பச்சை வாரம் என்று தெரிந்துவிடும். வீட்டில் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினால்கூட அந்தந்த வாரத்து நிறம்தான். அதைக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று யாருக்குத் தெரியும்?

முதலாளி ஒரு நாள் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். பீப்பாய்கள் அங்கேயே கிடந்து துருப்பிடித்து ஒழுகின. மழை பெய்தால் தொழிற்சாலை மைதானத்தில் தேங்குகிற தண்ணீர் ஊதா நிறத்தில் இருக்கும். புகார் கொடுத்தோம், மறியல் செய்தோம், எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் வாக்குறுதி வாங்கினோம். அக்காவுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்திருந்தது.

பிறகு அரசாங்கத்துக்கு ஒரு கொள்கை பிறந்தது. நஞ்சேறிக் கிடக்கிற பழைய தொழிற்சாலை நிலங்களை எல்லாம் சுத்தம் செய்யப் போகிறார்களாம். முதல் வரிசையில் எங்கள் மைதானம் இருந்தது. தெருவே கொண்டாடியது. மண்ணைத் தோண்டுகிற இயந்திரம் வந்த அன்று அக்கா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். தோண்டின மண்ணை எங்கே கொண்டுபோவார்கள் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, வாய் மட்டும்தான் எனக்கு நீளம்.

தார்ப்பாய் மூடின லாரிகள் எங்கள் வாசலைக் கடந்து, தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குப் போயின. பக்கத்திலேயே எரிக்கிற ஆலை இருக்கும்போது வேறு எங்கே கொண்டுபோவது? கொள்கையில் அப்படித்தான் இருந்ததாம். தோண்டு, எரி, நிலம் சுத்தம் என்று பலகை வை. மண்ணில் கிடந்ததை எடுத்து எங்கள் தலைக்கு மேலே வைத்துவிட்டார்கள். பலகையும் வைத்தார்கள், பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து.

சாய மண் எரிகிற ஜாதி இல்லை. கனமாக, ஈரமாகப் போய் நெருப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மாமா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். காய்ந்த குப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நெருப்புக்கே தெரியாமல் ஊட்டினார். "என் ஷிஃப்ட்ல புகை வெள்ளையாத்தான் போகும், வேணும்னா மாடியில நின்னு பார்த்துக்கோ" என்பார். உண்மைதான். அவர் ஷிஃப்ட்டில் அக்கா ஜன்னலைத் திறந்து வைப்பாள். மற்றவர்கள் ஷிஃப்ட்டில் மூடிவிடுவாள். ஆனால் புருஷன் ஒருவர்தானே, ஷிஃப்ட்டுகள் மூன்று.

அக்கா படுத்துத் தூங்குவதை நிறுத்திவிட்டாள். படுத்தால் மூச்சு முட்டியது. முதுகுக்கு இரண்டு தலையணை, பக்கத்தில் இன்ஹேலர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இடத்தை மாத்துங்க, இல்லேன்னா இது குறையாது." இடத்தை மாற்றுவது என்றால் வீட்டை விற்க வேண்டும். எங்கள் தெருவில் வீடு விற்பனைக்கு என்று சொன்னால் தரகர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அப்போதுதான் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். வந்திருந்த அதிகாரி அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போன முகம், தொண்டை கட்டின குரல். கொள்கையில் எங்களுக்கும் ஒரு வழி வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு நாள் ஆலையின் புகையை அளந்து பார்ப்பார்கள். அளவு வரம்பைத் தாண்டினால் எங்கள் தெரு முழுவதற்கும் வேறு இடத்தில் மாற்று வீடு.

"தாண்டலைன்னா?" என்று கேட்டேன்.

"தாண்டலைன்னா நீங்க பாதுகாப்பா இருக்கீங்கன்னு அர்த்தம்."

"அப்ப இருமலை நிறுத்திடணுமா மேடம்?"

ஹால் சிரித்தது. என்றைக்கு அளப்பார்கள் என்று யாரோ கேட்டார்கள். தேதியை முன்கூட்டியே ஆலைக்குச் சொல்லிவிடுவார்களாம். ஏன் என்றதற்கு, "அன்னைக்கு ஆலை ஓடிட்டு இருக்கணும் இல்லையா" என்றார். பரீட்சைக்குக் கேள்வித்தாளை முன்னாடியே கொடுக்கிற வாத்தியார் எனக்குப் படிக்கிற காலத்தில் கிடைக்காமல் போய்விட்டார்.

ஆலை மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு, அன்றைக்குக் காலை ஷிஃப்ட் அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அளப்பதும் அந்த ஷிஃப்ட்டில்தான். காய்ந்த மரமும் அட்டையும் தனியாகச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து கொஞ்சம் பெருமையாகவே அதைச் சொன்னார். அக்கா சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"என்னங்க, ஒரு விஷயம் கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கெட்ட சமையல் பண்ணுங்க."

மாமாவுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் வேண்டுமென்றே ஒரு பிடி தப்பாகப் போட்டதில்லை என்றார். கீழே கம்பியோடு நிற்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். அக்கா ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. பேச மூச்சு இல்லை. சுவரில் சாய்ந்து இன்ஹேலரை இழுத்தாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, கலக்காமலே சாப்பிட்டார். செய்வார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அக்கா இதைத் தையல்காரம்மாவிடம் மட்டும் சொன்னாள். எங்கள் தெருவில் தையல்காரம்மாவிடம் மட்டும் என்றால் எல்லோரிடமும் என்று அர்த்தம். சோதனை நாளன்று தெரு முழுவதும் மொட்டை மாடியில் ஏறிவிட்டது. கைக்குழந்தையோடு வந்தவர்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், குடை பிடித்தவர்கள் என்று ஒரே கூட்டம். ஆலை வாசலில் சோதனைக்காரர்களின் வேன் நின்றது, புகைபோக்கியில் பாதி உயரத்தில் ஒருவர் குழாயைச் சொருகிக்கொண்டிருந்தார். அக்காவை நான்தான் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினேன்.

காலையில் புகை வந்த தடமே இல்லை. வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. "என்னப்பா, உங்க மாமா மனசு மாறிட்டாரா?" என்று எதிர்மாடியிலிருந்து கத்தினார்கள். வெயில் ஏறின பிறகு, எல்லோரும் சோர்ந்துபோய் இறங்க ஆரம்பித்தபோது, புகைபோக்கியின் வாயில் ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. அது பழுப்பானது. பிறகு கறுப்பாக, கட்டியாக, கக்கிக்கொண்டு வந்தது. மாடி மாடியாகக் கைத்தட்டல் கேட்டது. இருமிக்கொண்டே தட்டினார்கள். பெண்கள் முந்தானையால் குழந்தைகளின் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நானும் விசிலடித்தேன். தங்களைக் கொல்கிற புகைக்கு விசிலடித்து வரவேற்பு கொடுத்த தெரு உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குமா என்று தெரியவில்லை. அக்கா சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கொஞ்ச நேரம் அப்படி வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தெளிந்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வானம் பழையபடி சுத்தமாகிவிட்டது. அதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா வீட்டுக்கு வந்ததும், "போட்டேன்" என்றார். சாய மண்ணைக் கலக்காமல், காயவிடாமல், பிடி பிடியாக அப்படியே போட்டாராம். நெருப்பு கறுத்துச் சுருங்குவதைக் கண்ணாடி அறைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் அடுத்த பிடியை வாரினாராம். "அப்புறம் எல்லாத்தையும் சரி பண்ணி, நல்ல நெருப்பாக்கித்தான் அடுத்தவன் கையில கொடுத்தேன். அவன் பாவம், அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த மனுஷனை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. புது வீட்டில் அக்காவுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்பது வரை அன்றைக்குப் பேசினோம்.

முடிவு சொல்லவும் அதே ஹாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மா திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். தரையோடு தரையாக ஓடின கோடு நடுவில் எழும்பி, மறுபடி தரைக்கு இறங்கியிருந்தது.

"காலையில ஆலை ரொம்ப நல்லா ஓடியிருக்கு. ஷிஃப்ட் முடியறப்பவும் அப்படித்தான். நடுவுல கொஞ்ச நேரம் ஏதோ கோளாறு, அதையும் உடனே சரி பண்ணியிருக்காங்க. கோளாறு நேரத்துல எடுத்த அளவைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு விதி. அதைத் தள்ளிட்டுப் பார்த்தா, வரம்புக்கு ரொம்பக் கீழே இருக்கு."

"கோளாறு நேரத்துல நாங்க மூச்சு விடாம இருக்கணும்னும் விதி இருக்கா?" என்று எழுந்து கத்தினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாராவது கேட்டிருப்பார்கள். "ஏம்மா, அன்னைக்குப் பூரா அப்படியே கறுப்பா வந்திருந்தா?"

அதிகாரி அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப அதுதான் ஆலையோட வழக்கமான ஓட்டம்னு எடுத்திருப்போம். உங்க தெரு லிஸ்ட்ல வந்திருக்கும்."

மாமா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். இரண்டு கைகளும் முழங்கால் மேல் கிடந்தன. விரல்கள் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி மடங்கி இருந்தன. எனக்கு அவரை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடியில் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. பாவி மனுஷன், காலையில் நல்ல நெருப்பை வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடியும்போது நல்ல நெருப்பைக் கொடுத்துவிட்டு வந்தாரே, அந்த நல்லதுதான் எங்களை அழித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். "காலையில இருந்தே கெடுத்திருக்கக் கூடாதா?"

"ராத்திரிக்காரன் எழுந்திருக்கும்போது, நெருப்பு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனான். அவன் சொல்லிட்டுப் போனதும் உட்கார்ந்து எப்படிக் கெடுக்கறது?" என்றார். அக்கா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாற்று வீட்டுப் பட்டியலை மூடி மேலே அனுப்பிவிட்டார்கள். இனி எந்தச் சோதனை நடந்தாலும் அதற்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

மாடியில் கைத்தட்டின தெருவின் கதை ஆலைக்கு எட்டாமலா இருக்கும்? எட்டியது. விசாரணை எதுவும் வைக்கவில்லை. வைத்தால் அது கோளாறு இல்லை, வேண்டுமென்று செய்தது என்று எழுத வேண்டியிருக்கும், தள்ளிவிட்ட அளவும் கணக்கில் வந்துவிடும். சத்தமில்லாமல் மாமாவைக் கிரேனிலிருந்து இறக்கி, வாசலில் லாரி டயர் கழுவுகிற இடத்தில் நிறுத்தினார்கள். கையில் ஒரு ரப்பர் குழாய். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே தொப்பி.

கிரேனுக்குப் புதிதாக வந்தவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். கலக்கப் பொறுமை கிடையாது, கையில் வந்ததை வாரிப் போட்டுவிட்டு செல்போனைப் பார்ப்பான். ஆக, முன்பு அக்காவுக்கு ஜன்னல் திறந்து கிடந்த ஒரு ஷிஃப்ட்டும் போய்விட்டது. மாமா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தே உள்ளே என்ன போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அக்கா அந்தப் பழைய கேள்வியை விடவில்லை. "சமையல்காரரே, இன்னைக்கு என்ன சமையல்?"

"மெத்தை. பிரிக்காம போட்டிருக்கான்."

அவ்வளவுதான் பேச்சு. சிரிப்பு மட்டும் இல்லை.

ஆலைக்கு அனுமதியைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. அதற்கும் ஒரு சோதனை நாள் உண்டு. மேனேஜர் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா உள் அறையில், சாய்ந்தபடி.

"ஒரு நாள் மட்டும் கிரேன்ல உட்காருங்க. புதுப் பையன் கையில நெருப்பு நிக்க மாட்டேங்குது" என்றார் மேனேஜர்.

"டயர் கழுவ வெச்சீங்க. டயரே கழுவறேன்" என்றார் மாமா. மாமா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டுக் கைத்தட்டலாமா என்று நினைத்தேன்.

"இந்தத் தடவை ஃபெயில் ஆனா ஆலையை மூடிடுவாங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

மேனேஜர் மறைக்கவில்லை. "மூட மாட்டாங்க தம்பி. ஊர்க் குப்பையை எங்க கொண்டு போறது? அவகாசம் கொடுப்பாங்க. அவகாசம் முடிஞ்சா இன்னொரு அவகாசம். அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கும். எனக்குத்தான் மேலிடத்துல திட்டு விழும்."

"அப்ப நீங்க திட்டு வாங்குங்க" என்றேன். மாமாவும் தலையாட்டினார். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு 'மாட்டேன்' மட்டும்தான். அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வீடு தேடி வந்திருந்தது.

உள் அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னங்க."

மாமா எழுந்து போய் அறை வாசலில் நின்றார்.

"போங்க."

"என்ன சொல்ற நீ? இவங்களுக்காகவா?"

"எனக்காக." அடுத்த வார்த்தைக்கு மூச்சு சேர்த்துக்கொண்டாள். "கெட்ட சமையலும் பண்ணிப் பார்த்தாச்சு. ஒரு நாள் நல்ல சமையல் பண்ணுங்க. அன்னைக்கு ஒரு நாள் நான் மூச்சு விட்டுக்கறேன்."

மேனேஜர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

சோதனை நாளன்று மாமா பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். இந்த முறை யாரும் மாடி ஏறவில்லை. வெயில் வரும்போதே வானம் மாறிவிட்டது. உலை எரிகிறதா, அணைத்துவிட்டார்களா என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சுத்தம். அக்கா என்னைக் கூப்பிட்டு எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னாள். ரொம்ப நாள் மூடிக் கிடந்ததில் ஒரு ஜன்னலின் கொக்கி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, தட்டித்தான் கழற்றினேன். காற்று உள்ளே வந்தது. அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் இருந்த ஒரு தலையணையை எடுத்துத் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் தள்ளினாள். மெல்லச் சரிந்து, பயந்து பயந்து, படுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்கிவிட்டாள். அக்கா படுத்துத் தூங்குவதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. அடக்க முடியாமல் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து மாமா வந்தார். வாசலில் அந்தக் கேள்வி இல்லை. அறையை எட்டிப் பார்த்தார். அவள் படுத்திருந்த விதத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து?" என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலிருந்தே என்றேன்.

"நெருப்பு நல்லா இருக்குன்னு சொல்லித்தான் அந்தப் பையன் கையில கொடுத்தேன்." அவர் ஆலைப் பக்கம் பார்த்தார். "நான் போட்டு வெச்சது உள்ளே கொஞ்சம் இருக்கு. அது தீர்ற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் அவன் சமையல்."

உள்ளே அக்காவின் மூச்சு சீராகக் கேட்டது. மாமா அதைக் கேட்டுக்கொண்டே புகைபோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயில் சாய்ந்தது. புகைபோக்கியின் வாயில் ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது.

மாமா எழுந்து உள்ளே போனார். சத்தம் வராமல் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். கடைசி ஜன்னலின் துருப்பிடித்த கொக்கி மட்டும் கிரீச்சென்றது. அக்கா விழித்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள், சாத்தின ஜன்னலைப் பார்த்தாள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, தள்ளி வைத்த தலையணைகளை ஒவ்வொன்றாக இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.